வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அத்தை

அன்புள்ள அத்தை, பெரியம்மா, சித்தப்பா, சித்தி, மாமா எல்லோருக்கும்,

வீட்டில் ஆட்டிசம் உள்ள ஒருவரோடு பழகும் மற்ற சொந்தபந்தங்களும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

எனக்கு ஆட்டிசம் என்று உறுதியானபோது வயது 31. விஷயம் தெரிந்ததும் உங்களில் சிலர் சொன்னது: "அதான் பாசமே இல்லாம இருக்கான்." அந்த ஒரு வரி மூன்று வருடமாக நெஞ்சில் கிடக்கிறது.

அத்தை, நீங்கள் சென்னையில் என் வீட்டுக்கு வந்தீர்களே, மே மாத வெயிலில். "காபி போடட்டுமா?" என்று கேட்டேன். "வேண்டாம்ப்பா, உனக்கு எதுக்குச் சிரமம்" என்றீர்கள். சரி என்று நானும் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் வருகிறீர்கள் என்று காலையிலேயே வாங்கிய பால் பாக்கெட் பிரிக்காமல் இருந்தது, டிகாஷன் இறங்கி முடிந்திருந்தது. ஒரு மணி நேரம் பேசிவிட்டுக் கிளம்பினீர்கள். "ஒரு வாய் காபி கொடுக்க அவனுக்கு மனசில்லை" என்று நீங்கள் வருத்தப்பட்டது ஆறு மாதம் கழித்து அம்மா வழியாகத்தான் எனக்குத் தெரிந்தது. உங்களுக்கு அந்த 'வேண்டாம்' முதல் சுற்று. இன்னும் இரண்டு தடவை கேட்டு, தம்ளரைக் கையில் திணித்தால்தான் உபசரிப்பு. எனக்கோ, வேண்டாம் என்றவரை வற்புறுத்துவதுதான் மரியாதைக் குறைவு.

அதே 'வேண்டாம்' என் வாயிலிருந்து வந்தால் என்ன ஆகிறது? கல்யாணப் பந்தியில் இலையை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு சொல்வேன். தயிர்ப்பச்சடி என் விரலிடுக்கில் ஊற்றப்படும். அந்த வழவழப்பு நாக்கில் பட்டாலே எனக்குக் குமட்டும். பாதியில் எழுந்து போவேன். அதற்குப் பெயர் திமிர். தாத்தா இறந்த அன்று சங்கும் சேகண்டியும் ஒப்பாரியும் ஒரே நேரத்தில் காதில் இறங்கியபோது கொல்லைக்குப் போய்க் கிணற்றடியில் உட்கார்ந்தேன். அதற்குப் பெயர் கல்நெஞ்சு. அங்கே வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும்.

உங்களை மட்டும் குறை சொல்லவில்லை. படித்தவர்களும் ரொம்ப காலம் இப்படித்தான் பார்த்தார்கள். 1985இல் லண்டனில் ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளுக்கு இரண்டு பொம்மைகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பொம்மை கூடையில் வைத்துவிட்டுப் போன கோலிக்குண்டை, அது இல்லாதபோது மற்ற பொம்மை பெட்டிக்கு மாற்றிவிடும். திரும்பி வந்ததும் முதல் பொம்மை அதை எங்கே தேடும் என்பதுதான் கேள்வி. 16 பேர் தவறாகப் பதில் சொன்னார்கள். அடுத்தவர் மனதை இவர்களால் ஊகிக்க முடியாது என்ற பேச்சு அதிலிருந்து வேர்பிடித்தது. எங்கள் மனதை அடுத்தவர் எவ்வளவு ஊகிக்கிறார்கள் என்று அப்போது யாரும் சோதிக்கவில்லை. 2012இல் டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர்தான், அதைக் கேட்டார். புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, பழியை மட்டும் ஒரு பக்கத்தில் ஏற்றியிருக்கிறோம் என்றார். அதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை.

2017இல் அமெரிக்காவில் நோவா சாசன் என்ற ஆய்வாளரும் மற்றவர்களும் ஒன்று செய்து பார்த்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் பேசும் சில நொடி வீடியோவைப் பார்த்தவர்களுக்கு அவர்களோடு பழக அவ்வளவாக மனம் வரவில்லை. அதே பேச்சை எழுத்தில் மட்டும் படித்தவர்களிடம் அந்த விலகல் இல்லை. சொன்ன விஷயத்தில் குறையில்லை, முகமும் குரலும்தான் தள்ளி வைத்திருக்கின்றன. சித்தப்பா, என் வாட்ஸப் செய்திகளைப் படித்துவிட்டு "நேர்லயும் இப்படிப் பேசலாமே" என்பீர்களே, எனக்கு உடனே அதுதான் ஞாபகம் வந்தது.

ஆனால் என் பக்கத் தவறையும் சொல்லத்தான் வேண்டும். அப்பா தினமும் இரவு எட்டரைக்கு ஃபோன் செய்து "சாப்பிட்டியா?" என்பார். "சாப்பிட்டேன்" என்று சொல்லி வைத்துவிடுவேன். கேட்டதற்குப் பதில் சொல்லியாயிற்று, அவ்வளவுதானே என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பது போல ஏன் தினமும் கேட்கிறார் என்று எரிச்சல்கூட வந்திருக்கிறது. நான் வைத்த பிறகும் அவர் ஃபோனைக் கையிலேயே கொஞ்ச நேரம் வைத்திருப்பார் என்று அம்மா ஒருநாள் சொன்னார். பத்து வருடம், அத்தை. அந்த மனிதர் பத்து வருடமாக ஒரே வார்த்தையில் கதவைத் தட்டியிருக்கிறார், எனக்குக் கேட்கவில்லை. இப்போது "ரெண்டு தோசை, தக்காளிச் சட்னி, சட்னில உப்பு கம்மி" என்கிறேன். அவர் "இங்கே உப்புமா" என்கிறார். சில நாள் இருபது நிமிடம்கூடப் பேசுகிறோம்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். கோபம் இருந்தால் ஜாடையில் காட்டாமல் நேராகச் சொல்லிவிடுங்கள், எனக்கு அது வலிக்காது. கூட்டத்திலிருந்து எழுந்து போனால் அரை மணி நேரம் விட்டுவிடுங்கள், திரும்பி வருவேன். நான் வேண்டாம் என்று சொன்னதை இலையில் வைக்காதீர்கள். அத்தை, உங்களுக்குக் காபி நான்தான் போடப்போகிறேன். இந்த முறை கேட்கப்போவது ஒன்றுதான்: சர்க்கரை எவ்வளவு?

அன்புடன்,
உங்கள் வீட்டுப் பிள்ளை