புயலைக் கணிக்கக் கடல் சூடு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அட்லாண்டிக் சூறாவளிகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, கடல் சூடேறுவதால்தான் அவை வலுக்கின்றன என்று முடித்துவிட்டது. கடல் சூடு அவசியம்தான். ஆனால் அதை மட்டும் வைத்து, 2024 அக்டோபரில் அமெரிக்காவின் புளோரிடாவைத் தாக்கிய மில்டன் சூறாவளி நடந்துகொண்ட விதத்தை விளக்க முடியாது.

புயல் உருவாகக் கடல்நீர் குறைந்தது 26.5 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எவ்வளவு ஆழம் வரை என்பதை விட்டுவிடுகிறார்கள். ஏறத்தாழ 50 மீட்டர் வரை அந்தச் சூடு இறங்கியிருக்க வேண்டும். ஏனென்றால் புயல்காற்று கடலைக் கலக்கி, அடியிலுள்ள குளிர்நீரை மேலே கொண்டுவரும். சூடான அடுக்கு மெல்லியதாக இருந்து, புயலும் மெதுவாக நகர்ந்தால், தனக்கு வேண்டிய சூட்டைத் தானே கெடுத்துக்கொள்ளும். மெக்சிகோ வளைகுடாவில் வளைந்து ஓடும் வெப்பமான கடல் நீரோட்டமான லூப் நீரோட்டத்தில் இந்த அடுக்கு 100 மீட்டரையும் தாண்டுகிறது; எவ்வளவு கலக்கினாலும் வெதுவெதுப்பான நீரே மேலே வரும். 2005 ஆகஸ்ட் 28 அன்று அந்தப் பகுதியில்தான் கத்ரீனா சூறாவளி மணிக்கு 280 கி.மீ. வேகத்தை எட்டியது.

அடுத்தது விண்ட் ஷியர். சுமார் ஒன்றரை கி.மீ. உயரத்தில் வீசும் காற்றுக்கும் 12 கி.மீ. உயரத்தில் வீசும் காற்றுக்கும் வேகத்திலும் திசையிலும் உள்ள வித்தியாசம் அது. அது 10 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கி.மீ.) அளவுக்குக் கீழே இருந்தால் புயலுக்குத் தோது; 20 நாட் அளவைத் தாண்டினால் வளர்வது கடினம். ஷியர் கூடும்போது நிமிர்ந்து நிற்கும் சுழல் சாய்கிறது. மேலேயுள்ள சூடான காற்று மையத்துக்கு நேர்மேலே இல்லாமல் விலகுவதால், மையத்தின் அழுத்தம் மறுபடி ஏறுகிறது. வறண்ட காற்றும், மையத்தைச் சூழ்ந்த மேக வளையமான கண்சுவருக்குள் புகுந்து மேகங்களைக் கரைக்கிறது. செயற்கைக்கோள் படத்தில் மேகமெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கி, சுழல் மையம் வெறுமையாகத் தெரிந்தால் அது ஷியரின் வேலை.

மில்டனில் இரண்டையும் பார்க்கலாம். ஆழமாகச் சூடேறிய வளைகுடாவில், ஷியர் குறைவாக இருந்த அக்டோபர் 7 அன்று அது மணிக்கு சுமார் 285 கி.மீ. வேகத்துடன் மிக உயர்ந்த ஐந்தாம் வகைச் சூறாவளியானது. புளோரிடாவை நெருங்கியபோது தென்மேற்கிலிருந்து மேலடுக்குக் காற்று பலமாக வந்து மோதியது. 9ஆம் தேதி இரவு அதன் மேற்குக் கரையிலுள்ள சியெஸ்டா கீ அருகே கரையேறியபோது அது மூன்றாம் வகை.

வகை குறைந்ததும் ஆபத்து குறைந்துவிட்டது என்று எண்ணுவதுதான் பெரிய தவறு. வலுவிழந்த மில்டன் அகலத்தில் விரிந்தது. மழை மையத்துக்கு வடக்கே குவிந்து, புளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் 450 மி.மீ.க்கு மேல் கொட்டியது. மையம் கரையைத் தொடும் முன்பே, தொலைவிலுள்ள புளோரிடாவின் கிழக்குக் கரையில் டொர்னாடோ எனும் சிறு சுழல்காற்றுகள் உயிர்களைப் பறித்தன.

நம் வங்கக்கடலுக்கும் இது பொருந்தும். ஜூலை, ஆகஸ்டில் கடல் போதுமான சூட்டுடன் இருந்தும் முழுப் புயல்கள் அரிது. கீழே பருவக்காற்று மேற்கிலிருந்தும், மேலே வேகமான ஜெட் காற்று கிழக்கிலிருந்தும் வீசுவதால் ஷியர் மிக அதிகம். அக்டோபருக்குப் பின் அது தணிவதால்தான் நமக்குப் புயல் காலம்.

ஆகவே புயல் செய்திகளில் காற்றின் வேகத்தோடு, 26 டிகிரிக்குக் குறையாத நீர் எத்தனை மீட்டர் ஆழம் வரை இருக்கிறது, ஷியர் எத்தனை நாட், எந்தத் திசையிலிருந்து என்பவற்றையும் வெளியிடக் கோருகிறேன். மையத்தின் எந்தப் பக்கம் மழை கூடும் என்பதை ஊகிக்க அந்தத் திசை மிகவும் உதவும்.

இப்படிக்கு,
வாசகர், கடலூர்