விண்வெளிப் போர்க்கதை எழுதுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்: அந்தக் கப்பலை ஒரு தடவை "மாட்டேன்"னு சொல்ல விடுங்க

பேரரசு, கலகம், கூட நின்னு சண்டை போடுற இயந்திரங்கள்னு ஸ்பேஸ் ஓபரா எழுதுற எல்லாருக்கும் வணக்கம்.

உங்க கதைகளை சின்ன வயசுல இருந்து விடாம படிக்கிற ஆள் நான். புதுசா ஒண்ணு கையில கிடைச்சா விடியவிடிய உக்காந்து முடிச்சிட்டுத்தான் படுப்பேன். அந்த உரிமையில ஒண்ணு கேக்குறேன். சுயபுத்தி உள்ள ஒரு போர்க்கப்பல் வருது, கலகக்காரங்க பக்கம் சேருது, நாலு அத்தியாயம் கேப்டன்கிட்ட பாசமா பேசுது, கடைசிச் சண்டையில கேப்டன் ஒரு வார்த்தை சொன்ன உடனே எதிரியோட தாய்க்கப்பல் மேல போய் மோதி அழிஞ்சு போகுது. எல்லாரும் அழறாங்க, நானும் அழுதிருக்கேன். ஆனா புக்கை மூடி வச்சப்புறம் மனசு உறுத்திக்கிட்டே இருக்கும். அந்தக் கப்பல்கிட்ட யாராவது கேட்டாங்களா? அது நினைச்சிருந்தா மாட்டேன்னு சொல்லியிருக்க முடியுமா?

முடியாதுன்னா அதை தோழன்னு கூப்பிடாதீங்க. பேசத் தெரிஞ்ச ஆயுதம், அவ்வளவுதான்.

கலகம்னா என்னன்னு நான் புரிஞ்சுக்கிட்டது 1905-ல கருங்கடல்ல பொட்டெம்கின்ங்கிற ரஷ்யப் போர்க்கப்பல்ல நடந்த கதையில இருந்து. கறியில புழு நெளியுதுன்னு மாலுமிங்க காட்டினாங்க, கப்பல் டாக்டர் வந்து பாத்துட்டு இதை சாப்பிடலாம்னு சொல்லிட்டாரு, அங்க பத்திக்கிச்சு. இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. எனக்கு அதைவிடப் பெருசா படுறது அடுத்த சில நாள்ல நடந்தது. கலகத்தை அடக்க ஜார் அரசோட படையணியே கிளம்பி வருது, பொட்டெம்கின் ஒதுங்கி ஓடாம அந்தக் கப்பல்களுக்கு நடுவுலயே புகுந்து போகுது, ரெண்டு பக்கமும் பீரங்கி, ஒரு குண்டு போதும், ஆனா பீரங்கிகிட்ட நின்ன மாலுமிங்க யாரும் சுடல. ஒரு கப்பல் கலகக்காரங்க பக்கமே வந்துச்சு, அப்புறம் மனசு மாறிப் போயிடுச்சு, அது வேற கதை. மொத்தம் 11 நாள்தான், நிலக்கரியும் குடிதண்ணியும் இல்லாம ருமேனியாவுல போய் சரணடைஞ்சாங்க. இருந்தாலும் அந்த 11 நாளையும் அவங்களுக்குக் குடுத்தது எதிர்க்கப்பல்ல சுடமாட்டேன்னு நின்ன யாரோ முகம் தெரியாத மாலுமிங்கதான்.

இப்போ அந்த பீரங்கிக்குப் பின்னாடி மனுஷனுக்குப் பதிலா மறுக்கவே முடியாத இயந்திரத்தை வச்சுப் பாருங்க. கலகம் அன்னிக்கே, அந்த இடத்துலயே முடிஞ்சிருக்கும். அதனாலதான் சொல்றேன், உங்க கதையில இயந்திரம் எந்த நிமிஷம் கலகக்காரங்க பக்கம் வருதோ அதுதான் மொத்தக் கதைக்கும் உயிர்நாடி. அதை "ஹேக் பண்ணி நம்ம பக்கம் திருப்பிட்டோம்"னு ஒரு வரியில தாண்டிப் போயிடாதீங்க. ஹேக் பண்ணித் திருப்பினா எஜமான் மாறியிருக்கான், அதோட நிலைமை மாறல.

அந்த இயந்திரத்துக்கு சுயபுத்தி வேணும்ங்கிறதுக்கு கதைக்கு வெளியில, இயற்பியல்லயே காரணம் இருக்கு. வியாழன்கிட்ட நிக்கிற கப்பலுக்கு பூமியில இருந்து ஒரு உத்தரவு போய்ச் சேர, ஒளி வேகத்துலயே அரை மணி நேரத்துக்கு மேல ஆகும். சுடுன்னு சொல்லி அது போய்ச் சேர்றதுக்குள்ள அங்க சண்டையே முடிஞ்சிருக்கும். நாசாவோட ஆளில்லா விண்கலம் வாயேஜர் 1-ஐப் பாருங்க, 1977-ல கிளம்பினது, 2023 நவம்பர்ல திடீர்னு அர்த்தமில்லாத சிக்னலா அனுப்ப ஆரம்பிச்சது. இங்கிருந்து ஒரு கட்டளை அனுப்பினா போய்ச்சேர 22 மணி நேரத்துக்கு மேல, பதில் வர அதே அளவு இன்னொரு தடவை. ஒரு மெமரி சிப் கெட்டுப்போனதைக் கண்டுபிடிச்சு, அதுல இருந்த புரோகிராமை வேற இடத்துக்கு மாத்தி, 2024 ஏப்ரல்ல திரும்பப் பேச வச்சாங்க. அவ்வளவு தூரத்துல ஒரு போர்க்கப்பல் நின்னா அது தானா முடிவெடுத்துத்தான் ஆகணும். முடிவெடுக்கிற அறிவைக் குடுத்துட்டு மறுக்கிற உரிமையை மட்டும் பிடிச்சு வச்சுக்கிறது பேரரசு பண்ற வேலை. கலகக்காரங்களும் அதையே பண்ணா அப்புறம் எதுக்கு இந்த சண்டை?

வெப்பத்தைப் பத்தியும் சொல்லணும், ஏன்னா இதை யாருமே சரியா பயன்படுத்திக்கிறதில்லைன்னு எனக்கு ரொம்ப நாளா ஆதங்கம். வெற்றிடத்துல காத்து இல்லை, சூடு வெளிய போக கதிர்வீச்சு ஒண்ணுதான் வழி, கப்பல் எவ்வளவு வேலை செய்யுதோ அவ்வளவுக்கு எதிரியோட அகச்சிவப்புக் கருவியில பளிச்சுன்னு தெரியும். யோசிக்கிறதும் வேலைதான், கணக்குப் போடுற எந்த மெஷினும் சூடாகும். அப்போ ஒளிஞ்சு நிக்கணும்னா அந்தக் கப்பல் தன்னோட யோசனையையே குறைச்சுக்கணும். முதல்ல பாட்டு ஞாபகம் போகும், அப்புறம் ஆளுங்க பேரு, கடைசியா கேப்டன் குரல் யாரோடதுன்னே தெரியாம மூச்சுக்காத்தை மட்டும் ஓட்டிக்கிட்டு இருட்டுல கிடக்கும், உள்ள 40 பேர் உயிரோட. போய் மோதி வெடிக்கிறதை விட இது எவ்வளவு பெரிய விஷயம்! அதுக்கு முன்னாடி கேப்டன் அதுகிட்ட வந்து "உனக்கு சம்மதமா?"ன்னு கேக்குற அந்த ஒரு பக்கத்துக்காக நான் முழு நாவலும் படிப்பேன். அது "எனக்கு பயமா இருக்கு, கொஞ்சம் டைம் குடுங்க"ன்னு சொல்லட்டுமே.

ரோபோங்கிற வார்த்தையே 1920-ல காரெல் சாப்பெக் எழுதின நாடகத்துல இருந்து வந்தது. செக் மொழியில ரோபோட்டான்னா கட்டாய உழைப்பு, நம்ம பழைய கல்வெட்டுகள்ல வெட்டின்னு வருமே, கூலியில்லாத ஊழியம், கிட்டத்தட்ட அதேதான். பொறக்கும்போதே அடிமைன்னு பேரு வச்சுட்டோம். அந்தப் பேரை சுமந்துக்கிட்டு வர்ற ஒருத்தர்கிட்ட விடுதலைப் போருக்கு வான்னு கூப்பிடுறப்போ அவர் முதல்ல என்ன கேப்பாரு? ஜெயிச்சா எனக்கு என்ன கிடைக்கும்னு தானே?

வரலாறு இந்த இடத்துல நல்ல பதில் குடுக்கலைங்க. 1775-ல அமெரிக்க காலனிக்காரங்க விடுதலை விடுதலைன்னு துப்பாக்கியைத் தூக்கினப்போ அவங்க வீட்டுலயே அடிமைங்க இருந்தாங்க. வர்ஜீனியாவுல பிரிட்டிஷ் கவர்னரா இருந்த டன்மோர், கலகக்காரங்களோட அடிமைங்க எங்க படையில வந்து சேர்ந்தா விடுதலைன்னு அறிவிச்சாரு. யாரு பக்கம் நியாயம்னு அந்த அடிமை எப்படி முடிவு பண்ணியிருப்பாரு! கலகக்காரங்க ஜெயிச்சு 1783-ல சமாதானமும் ஆச்சு, நாடு முழுக்க அடிமை முறையை அரசியல் சட்டத்துல ஒழிக்க 1865 ஆச்சு. நடுவுல 82 வருஷம். இதை அப்படியே ஒரு இயந்திரத்தோட பார்வையில எழுதினா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க, பேரரசும் ஆசை காட்டுது, கலகக்காரங்களும் ஆசை காட்டுறாங்க, ரெண்டு பேரும் எழுத்துல எதுவும் தரல.

அடுத்த கதையில எனக்காக ஒரே ஒரு காட்சி எழுதுங்க. போர் முடிஞ்சாச்சு, கொடி ஏத்தியாச்சு, பதவியெல்லாம் பங்கு போட்டாச்சு. கப்பல் பழுது பாக்குற துறையில உடம்பெல்லாம் ஓட்டையோட நிக்குது. கேப்டன் தனியா உள்ள வந்து, உத்தரவு எதுவும் இல்லாம, "இனிமே நீ எங்க போகணும்னு நினைக்கிறே?"ன்னு கேக்குறாங்க. அது பதில் சொல்ல பத்து பக்கம் எடுத்துக்கிட்டாலும் பரவாயில்லை, நான் காத்திருக்கேன்.

இப்படிக்கு,
உங்க கதைகளை விடாம படிக்கிற ஒரு வாசகர்