கேட்டு எடுத்தால் படம் கெடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் கோடைச் சிறப்புப் பக்கங்களில் நீலகிரியில் படம் எடுப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். தேயிலைத் தோட்டத்துப் பெண்களிடம் அனுமதி கேட்டால் முகத்தில் இயல்பு போய்விடும், அதனால் சாலையோரத்திலேயே நின்று பெரிய லென்ஸைப் போட்டு அவர்கள் கவனிக்காதபோது எடுத்துவிடுங்கள் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரி முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கிறது. தங்கள் பார்வைக்கு வராமல் எதுவும் அச்சேறாது என்பதால் வருத்தம் இரட்டிப்பாகிறது.

அறம் இருக்கட்டும், தொழில்முறையிலேயே அந்த அறிவுரை தவறு. குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் மூடுபனி இறங்கும் நேரத்தில் 40 மீட்டர் தள்ளி நின்று 200 மி.மீ. லென்ஸில் பார்த்தால், முகத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அவ்வளவு பனியும் நிற்கிறது. பிடிப்பதற்கு அழுத்தமான கோடு எதுவும் கிடைக்காமல் ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடும். சுற்றியுள்ள வெண்மையைக் கண்டு கேமராவின் ஒளிமீட்டர் வெளிச்சத்தைக் குறைக்கும், மாநிற முகம் கறுத்துவிடும். கொழுந்து கிள்ளும் கை அசையாமல் பதிய 1/500 நொடி ஷட்டர் வேகமாவது வேண்டும். சில்வர் ஓக் மர நிழலில், எஃப்/5.6-க்கு மேல் துவாரம் திறக்காத லென்ஸை வைத்துக்கொண்டு அந்த வேகத்துக்குப் போனால், கேமராவின் ஒளியுணர்திறனான ஐ.எஸ்.ஓ. 1600-ஐத் தாண்டி, படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் ஏறிவிடும். பிறகு கணினியில் ‘டீஹேஸ்’ ஸ்லைடரை வலப்பக்கம் இழுப்பார்கள். பனி விலகும். கூடவே கன்னத்துச் சுருக்கமும் குளிரில் வெடித்த உதடும் உளியால் செதுக்கியதுபோல் எழும்பி வரும். மலைத் தொழிலாளிப் பெண் என்றாலே துயரம் படிந்த முகமாக அச்சில் வருவதற்குப் பாதிக் காரணம் அந்த ஸ்லைடர்தான். வாசகர்கள் அதைத்தான் ‘இயல்பு’ என்று பார்க்கிறார்கள்.

பரந்த கோணத்தில் பார்க்கும் 28 மி.மீ. லென்ஸ் போதும். ஃபுல் ஃபிரேம் கேமராவில் எஃப்/8 வைத்து, ஃபோகஸை மேனுவலில் இரண்டரை மீட்டரில் நிறுத்திவிட்டால், ஏறக்குறைய 1.4 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும், கேமரா தேடி அலையவே வேண்டியதில்லை. நடக்கிறவர்களுக்கு 1/250 வேகம், ஐ.எஸ்.ஓ. ஆட்டோ, பனி இருந்தால் எக்ஸ்போஷரில் முக்கால் முதல் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இருமடங்கு வெளிச்சம்) கூட்டல். செல்போனில் எடுப்பவர்கள் ஜூம் செய்யாமல் முகத்தைத் தொட்டுவிட்டுச் சூரியக் குறியைச் சற்று மேலே தள்ளினால் அதே பலன். இரண்டரை மீட்டரில் நிற்கும்போது அவருக்கும் நம்மைத் தெரிகிறது. ‘வேண்டாம் கண்ணு’ என்று அவர் சொன்னால் நம் காதில் விழுகிறது. சாலையோரத்து லென்ஸ் தட்டிப் பறிப்பது இந்த வாய்ப்பைத்தான்.

கேட்டால் இயல்பு போகும் என்பது பத்து நிமிடம் காத்திருக்காதவர்களின் பேச்சு. ‘அக்கா, ஒரு படம் எடுத்துக்கலாமா’ என்று கேட்டதும் எல்லோரும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு விறைப்பாகத்தான் நிற்பார்கள். அதையும் எடுக்க வேண்டும், காட்ட வேண்டும், அழிக்கக் கூடாது. அது அவர்கள் விரும்பும் படம். பிறகு கேமராவைத் தோளில் தொங்கவிட்டுப் பேச்சை விட்டுவிட்டு நின்றால், கை தானாக வேலைக்குத் திரும்பும், வாய் பக்கத்துப் பாத்திக்காரியோடு பேசத் தொடங்கும். கட்டுரையாளர் தேடும் படம் அப்போதுதான் கிடைக்கும்.

நேரமும் முக்கியம். பறிக்கும்போது நிறுத்தி நிற்கச் சொல்லக் கூடாது. குறித்த கிலோவுக்கு மேல் பறித்தால்தான் கூடுதல் காசு, நாம் வீணடிக்கும் ஐந்து நிமிடம் அவருடைய கூலியிலிருந்து போகிறது. தேநீர் இடைவேளையிலோ, நிறுவை முடிந்து சாக்கை இறக்கிய பிறகோ போகலாம். தோட்டம் தனியார் இடம் என்பதால் சூப்பர்வைசரிடமும் கேட்க வேண்டியதுதான். ஆனால் அவர் தலையாட்டியது அந்தப் பெண்கள் தலையாட்டியதாகாது. அவர் நிற்கும்போது ‘வேண்டாம்’ என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது. அவர் நகர்ந்த பிறகு இன்னொரு முறை கேட்க வேண்டும்.

பனியிலிருந்து டீக்கடைக்குள் நுழைந்ததும் குளிர்ந்த லென்ஸில் ஆவி படியும். துடைக்கத் துடைக்க மறுபடி படியும், கண்ணாடி சூடாகப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் ஒரு டீயும் வர்க்கியும் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசலாம்.

இந்தக் கட்டுரை மட்டும் என்றால் கடிதம் எழுதியிருக்க மாட்டோம். அதே பக்கத்தில் வெள்ளைத் துணி உடுத்தி, தலையிலும் வெள்ளைத் துணி கட்டிய ஒரு மூதாட்டியின் படத்துக்குக் கீழே ‘தோடர் இனப் பெண்’ என்று போட்டிருக்கிறீர்கள். அவர் தோடர் அல்ல, இம்மலையின் இன்னொரு சமூகமான படுகர். தோடர் சால்வையில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை இருக்கும். அந்த எம்பிராய்டரிக்கு 2013-இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. வயதான தோடப் பெண்கள் கூந்தலைச் சுருள் சுருளாகத் தொங்கவிட்டிருப்பார்கள். அவரிடமே ‘எந்த ஊர் பாட்டி’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தப் பிழை வந்திருக்காது. மறைந்திருந்து எடுத்தவருக்கு அது எப்படித் தெரியும்?

இந்தப் பழக்கம் நேற்று வந்ததல்ல. நீலகிரியின் முதல் கமிஷனராக இருந்த பிரீக்ஸின் நூல் 1873-இல் வெளியானபோதே இம்மலை மக்கள் இனம் இனமாகப் பிரித்துப் படம் பிடிக்கப்பட்டிருந்தார்கள். ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் எடுத்தவர் பெயர் படத்தின் ஓரத்தில் அச்சாகிறது, எடுக்கப்பட்டவருக்கு ‘மலை மகள்’ என்பதுபோல் ஓர் அடைமொழிதான். பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி அந்தப் படத்தின் உரிமையும் பொதுவாக எடுத்தவருக்கே. முகம் கொடுத்தவருக்கு அதில் எதுவும் இல்லை. பெயரையாவது கொடுக்கக் கூடாதா?

தோடர் குடியிருப்புகளான மந்துகளுக்குள் கோயில் அருகே கேமராவோடு போகிறவர்கள், மலை ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போது பெட்டி முகப்பில் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேனை ‘அண்ணே, இங்க பாருங்க’ என்று கூவி அழைப்பவர்கள், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளை ஸ்வெட்டரில் உள்ள பள்ளிச் சின்னம் தெரிய எடுத்து அப்படியே வலையில் ஏற்றுபவர்கள் என்று பட்டியல் நீளம். பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ கேட்காமல் எடுக்கவே கூடாது. எடுத்தாலும் செல்போன் கேமராவின் அமைப்பில் இருப்பிடப் பதிவை அணைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்தத் தெருவில் எடுத்தது என்பது படத்தோடேயே ஒட்டிக்கொண்டு போகும்.

பொது இடம்தானே என்று பதில் வரும். தெருவில் ஒருவரைப் படமெடுக்க முன்அனுமதி வேண்டும் என்று தனிச் சட்டம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்த வழக்கிலேயே, பொது இடத்துக்கு வந்துவிட்டதால் மட்டும் ஒருவர் அந்தரங்கத்தை இழந்துவிடுவதில்லை என்ற கருத்தும் பதிவாகியிருக்கிறது. பத்திரிகை நடத்தும் தங்களுக்கு இதை நாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

நாங்கள் கேட்பது சிறியதுதான். அடுத்த இதழில் அந்தப் படத்துக்கு இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். இனி வாசகர் படங்களை வாங்கும்போது, படத்தில் இருப்பவர் சம்மதித்தாரா, பெயர் போடலாமா என்று இரண்டு கேள்விகளைப் படிவத்தில் சேருங்கள். அந்த மூதாட்டிக்கு இதழின் ஒரு பிரதியாவது போய்ச் சேர்ந்ததா என்று கட்டுரையாளரிடம் கேட்டுச் சொல்லுங்கள். சேரவில்லையென்றால் படத்தை எந்த ஹட்டியில் (படுகர் ஊரில்) எடுத்தார் என்று மட்டும் தெரிவித்தால் போதும், இங்கிருந்து கொண்டுபோய் நாங்களே கொடுத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
மலையில் படமெடுக்கும் வாசகர்கள் சார்பாக ஒருவர்,
கோத்தகிரி