மேக் விற்பவர்கள் ரேம் விஷயத்தைச் சொல்லிவிட்டு விற்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆப்பிள் கம்பெனி தன் மேக் கம்ப்யூட்டர்களில் இன்டெல் பிராசசரை விட்டுவிட்டு, சொந்தமாக வடிவமைத்த பிராசசருக்கு மாறியதைப் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் முழுக்க வேகத்தைப் பற்றியே பேசிவிட்டு முடிந்துவிட்டது. நான் குன்னூரில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, டீத்தூள் பாக்கெட் லேபிள், ஓட்டல் மெனு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் இதெல்லாம்தான் என் வேலை. எங்களைப் போன்ற சின்னக் கடைக்காரர்களுக்கு இந்த மாற்றத்தில் வேகம் மூன்றாவது விஷயம். முதல் விஷயம் கரண்ட். அடுத்தது, வாங்குகிற அன்றைக்கு யாரும் வாயைத் திறந்து சொல்லாத ரேம் சமாச்சாரம். ரேம் என்பது, செய்துகொண்டிருக்கும் வேலையைக் கம்ப்யூட்டர் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஜூன் பிறந்து தென்மேற்குக் காற்று தொடங்கிவிட்டால் நீலகிரியில் என்ன நடக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஏதாவது ஒரு கற்பூர மரமோ சீகை மரமோ கம்பி மேல் சாயும், கரண்ட் போகும், மழையில் ஆட்கள் ஏறி மரத்தை அறுத்து எடுக்கும்வரை வராது. 1932-லேயே பைக்காராவில் மின்சாரம் எடுக்க ஆரம்பித்த மலை இது. அப்புறம் குந்தாவும் சேர்ந்தது. அந்த மலையில்தான் இன்வெர்ட்டரை நம்பிக் கடை நடத்துகிறோம். சாவு வேலை கரண்ட் வரும்வரை காத்திருக்காது. ராத்திரி பத்து மணிக்குப் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "அண்ணா, காலையில எடுக்கறதுக்குள்ள ஒட்டணும்" என்பார்கள். போட்டோ பழைய ரேஷன் கார்டிலிருந்து எடுத்ததாக இருக்கும், முகத்தின் மேல் பாதி சீல் விழுந்திருக்கும், அதைச் சுத்தம் செய்து, பேரன் பேத்திகள் பெயர் ஒன்றுகூட விட்டுப்போகாமல் அடித்து, மேட்டுப்பாளையத்துக்கு அனுப்பினால் அங்கே பிளெக்ஸ் அடித்து முதல் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். அந்த நேரத்தில் பேட்டரி 'பீப்' என்று கத்த ஆரம்பித்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இங்கேதான் இந்த மாற்றம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஆப்பிளே வெளியிட்டிருக்கும் கணக்கைச் சொல்கிறேன். 2018-இல் வந்த இன்டெல் மேக் மினி சும்மா இருக்கும்போது சுமார் 20 வாட், முழு மூச்சில் ஓடும்போது 122 வாட் வரை இழுக்கும். 2020 நவம்பரில் ஆப்பிளின் சொந்த பிராசசரான எம்1-ஓடு வந்த மேக் மினி சும்மா இருந்தால் 7 வாட்கூட இல்லை, முழு மூச்சில் போனாலும் 39 வாட்தான். மானிட்டர் தனி, அது இரண்டுக்கும் ஒன்றுதான். அதே பேட்டரியில் கம்ப்யூட்டர் எவ்வளவு கூடுதலாக நிற்கும் என்று இன்வெர்ட்டர் வைத்திருக்கிற யாரும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இது எப்படி முடிந்தது என்பதையும் கட்டுரையில் கொஞ்சம் சொல்லியிருக்கலாம். இந்த பிராசசர்கள் ஆர்ம் வழியில் வந்தவை, அதாவது செல்போனில் இருக்கும் பிராசசரின் சொந்தக்காரர்கள். ஒரு சின்ன பேட்டரியை வைத்து ஒரு நாள் முழுக்க ஓட்ட வேண்டும் என்று வருடக்கணக்கில் உழைத்துச் செய்தது. ஆப்பிள் 2010-இலிருந்தே ஐபேடுக்கும் ஐபோனுக்கும் சொந்தமாகச் செய்து பழகி, அப்புறம்தான் மேஜைக் கம்ப்யூட்டருக்கு வந்தது. எம்1-இல் எட்டு கோர், அதாவது தனித்தனியாக வேலை செய்யும் எட்டுப் பகுதிகள், அதில் நாலு கனமான வேலைக்கு, மற்ற நாலு டைப் அடிப்பது, மெயில் பார்ப்பது போன்ற லேசான வேலைக்கு. அந்த லேசான நாலும் கரண்டைத் தொட்டும் தொடாமலும் ஓடும். ரேம் பிராசசரை ஒட்டியே, ஒரே பொட்டலத்தில் இருக்கிறது. கடைக்குள்ளேயே குடோன் இருப்பதுபோல, சரக்கெடுக்க வெளியே ஓட வேண்டியதில்லை.

சரி, பிரச்சினையும் அந்தக் குடோனில்தான். ஒட்டியே இருப்பதால் பின்னால் ரேம் கூட்ட முடியாது. பழைய 27 அங்குல ஐமேக்கைத் திருப்பிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பின்பக்கம் கரண்ட் வயர் சொருகும் இடத்துக்கு மேலே ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திறந்து, பழைய ரேமை உருவிவிட்டு, கோயம்புத்தூரில் வாங்கிய புது ரேமை நாமே சொருகிக்கொள்ளலாம். 2018 மேக் மினியிலும் கொஞ்சம் கழற்றிப் பிரித்தால் மாற்ற இடம் இருந்தது. எம் வரிசையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. வாங்குகிற அன்றைக்கு எவ்வளவு போட்டோமோ, அந்த மெஷின் இருக்கும்வரை அவ்வளவுதான்.

கோத்தகிரியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் என் நண்பர் ஒருவர் 8 ஜி.பி. ரேம் உள்ள மெஷினை வாங்கி வந்தார். "இப்போதைக்கு இது போதும் சார், தேவைப்பட்டால் அப்புறம் ஏற்றிக்கலாம்" என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். எந்தக் கடை என்பது இங்கே வேண்டாம். கல்யாண ஆல்பத்தில் பத்து லேயர் போட்டதும் மெஷின் திணறுகிறது, ஏற்றிக்கொள்ள வழியில்லை, விற்றுவிட்டு வேறு வாங்கு என்கிறார்கள். நகை வைத்து வாங்கிய மெஷின் அது. விற்கிறவர்களுக்கு இது தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை. 2024 அக்டோபரில் எம்4 மேக் மினி வந்தபோது குறைந்தபட்சமே 16 ஜி.பி. என்று ஆக்கினார்கள், அப்போதைய இந்திய விலை 59,900 ரூபாய். நல்ல காரியம். ஆனாலும் செகண்ட் ஹேண்டில் இன்னும் 8 ஜி.பி. மெஷின்கள்தான் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

செகண்ட் ஹேண்ட் என்றதும் இன்னொன்று. பெங்களூரு, கோவை கம்பெனிகள் கழித்துக்கட்டும் இன்டெல் மேக்குகள் மலைக்கு மலிவாக வருகின்றன. டிசைன் படிக்கிற பிள்ளைகள் ஆசையாக வாங்குகிறார்கள். இன்டெல் மேக்குக்குக் கிடைக்கும் கடைசி இயங்குதளம் டாஹோதான் என்று ஆப்பிள் 2025 ஜூனிலேயே சொல்லிவிட்டது. அந்த டாஹோவும் இன்டெல் மெஷின்களில் சிலவற்றுக்கு மட்டும்தான் கிடைக்கும். 2023 ஜனவரி வரை இன்டெல் மேக் மினியைப் புதிதாகவே விற்றுக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆப்பிளுக்கு இது புதிதல்ல. 1994-இல் மோட்டோரோலாவிலிருந்து பவர்பிசிக்கு, 2006-இல் பவர்பிசியிலிருந்து இன்டெலுக்கு என்று மாறியபோதெல்லாம் பழைய புரோகிராம்களை ஓட்டிக்காட்ட இடையில் ஒரு மொழிபெயர்ப்பான் கொடுத்தார்கள். இன்டெலுக்கு மாறியபோது கொடுத்த ரொசெட்டாவை 2011-இல் எடுத்துவிட்டார்கள். இப்போதைய ரொசெட்டா 2-க்கும் தேதி குறித்தாகிவிட்டது. எங்கள் தொழிலில் இது நேராக அடிக்கும். பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரில் பழைய தமிழ் எழுத்துருக்களை வைத்து அடித்த ஃபைல்கள் ஒவ்வொரு கடையிலும் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. இன்டெல் மேக்கில், ஆப்பிளே கொடுத்த பூட் கேம்ப் என்ற வசதி வழியாக விண்டோஸ் போட்டுச் சமாளித்தவர்கள் உண்டு. எம் வரிசையில் பூட் கேம்ப் கிடையாது, வேறு மென்பொருள் போட்டு அதற்குள்தான் விண்டோஸை ஓட்ட வேண்டும். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடில் அடித்து வைத்தவர்களுக்கு இந்தத் தொல்லை ரொம்பக் குறைவு. மேக்கோடு முத்து நெடுமாறனின் இணைமதி எழுத்துருவே வருகிறது, தமிழ் 99 விசைப்பலகையும் உள்ளேயே இருக்கிறது. ஆகவே பழைய ஃபைல்களை யூனிகோடுக்கு மாற்றுகிற வேலையை, பழைய மெஷின் உயிரோடு இருக்கும்போதே முடித்துவிடுங்கள் என்று சக கடைக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் தொடங்கியது. நல்லது. எனக்கு அதைவிடச் சின்னக் கோரிக்கைதான். "இந்தக் கம்ப்யூட்டரில் பின்னால் ரேம் கூட்ட முடியாது" என்று பெட்டியிலும் பில்லிலும் தமிழில் ஒரு வரி அச்சடிக்க வேண்டும். செகண்ட் ஹேண்டில் விற்பவர்கள், இந்த மெஷினுக்குப் புது இயங்குதளம் இனி வருமா வராதா என்பதைப் பில்லில் எழுதித் தர வேண்டும். உங்கள் பத்திரிகையும் அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, வேகத்துக்குப் பக்கத்தில் வாட் கணக்கையும் ரேம் விஷயத்தையும் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள். ஊட்டியிலும் கூடலூரிலும் இப்போது மெஷின் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போவார்கள்.

இப்படிக்கு,
டி.டி.பி. கடைக்காரர் ஒருவர்,
குன்னூர்.