பி.எட். சேரப்போகும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ போனில் சொன்னதைக் கேட்டு அம்மா முதலில் பதறிவிட்டாள். கைநிறையச் சம்பளம் வருகிற வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் மறுபடி படிப்பா என்று. இப்போது அவளே கடைத்தெருவில் ‘எங்க பொண்ணு டீச்சராகப் போறா’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதை எழுதத் தெரியவில்லை. ஆனால் நீ கடைசியில் சொன்ன ஒரு விஷயம் இரண்டு நாளாக மனசில் உறுத்துகிறது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் தகுதி. அதில் உனக்குக் கவலையே வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பு, அப்புறம் மூன்று வருடப் பட்டம் என்று முறையாகப் படித்திருக்கிறாய். பி.எஸ்ஸி. கணிதம் என்பதால் பட்டம் ஒன்றே போதும். உன் தோழி பி.காம். என்றாயே, அவளால் அப்படியே சேர முடியாது. வணிகவியல், பொருளியல் போன்ற பாடங்களுக்கு நம் மாநிலத்தில் முதுகலை கேட்கிறார்கள். மதிப்பெண் பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம், நம்மைப் போன்ற பிற்பட்டோருக்கு 45, மிகவும் பிற்பட்டோருக்கு 43, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40. முதன்மைப் பாடமும் துணைப்பாடமும் சேர்ந்த மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள். தமிழும் ஆங்கிலமும் அதில் வராது. உன் கணித மதிப்பெண்ணுக்கு அது நல்லதுதான்.

சேர்வதற்கு முன் நீ ஒன்றை முடிவு செய்தாக வேண்டும். சின்னப் பிள்ளைகளோடு இருக்கப் பிடிக்கும் என்பாய். ஒன்று முதல் ஐந்து வரைதான் உன் மனசு என்றால் பி.எட். அதற்கு உதவாது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வகுப்புகளுக்குத் தொடக்கக் கல்விப் பட்டயம்தான் வேண்டும். அதுவும் இரண்டு வருடம். ஆறாம் வகுப்புக்கு மேல் கணக்கு எடுக்க ஆசை என்றால் பி.எட். எந்தப் பிள்ளைகள் என்பதை நீதான் சொல்ல வேண்டும். அப்பா அதில் தலையிட மாட்டேன்.

இப்போது உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். கூட வேலை பார்க்கும் யாரோ ஒரு கல்லூரியைச் சொன்னதாகச் சொன்னாய். பணத்தைக் கட்டினால் போதும், வகுப்புக்கு வர வேண்டாம், வருகைப் பதிவை அவர்களே பார்த்துக்கொள்வார்கள், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும், வேலையையும் விட வேண்டியதில்லை என்று. பாப்பா, அந்தப் பக்கமே போகாதே. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் விதி வருடத்துக்கு 200 வேலை நாள் என்கிறது. வகுப்புக்கு 80 சதவீதம், பள்ளியில் பயிற்சி எடுக்கும் நாட்களுக்கு 90 சதவீதம் வருகை வேண்டும். இதை ஏட்டில் மட்டும் காட்டுகிற இடத்தில் நீ பட்டம் வாங்கலாம், பாடம் நடத்தக் கற்றுக்கொள்ள முடியாது.

நான் படித்த காலத்தில் பி.எட். ஒரே வருடம். 2015 முதல் இரண்டு வருடம் ஆக்கினார்கள். வீண் செலவு என்று அப்போது நிறையப் பேர் முணுமுணுத்தார்கள். எனக்கு அது நல்ல மாற்றமாகவே பட்டது, காரணம் பள்ளி நாட்கள். குறைந்தது 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும் என்று வந்தது. முதல் வருடத்தில் 4, இரண்டாம் வருடத்தில் 16. பதினாறு வாரம் ஒரே பள்ளியில் இருந்தால் பிள்ளைகளின் பெயர் தெரியும், எவன் சாப்பிடாமல் வருகிறான், எவள் கடைசி பெஞ்சில் ஒளிகிறாள் என்பதெல்லாம் தெரியும்.

எங்கள் பள்ளிக்குப் பயிற்சிக்கு வந்த ஒரு பெண் ஏழாம் வகுப்பில் பின்னக் கூட்டல் நடத்தினாள். பாடக்குறிப்பு அழகாக எழுதியிருந்தாள், அட்டையில் படமெல்லாம் ஒட்டியிருந்தாள். ஒரு பையன் அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று பலகையில் எழுதினான். அவள் அதை அழித்துவிட்டு மீச்சிறு பொது மடங்கு கண்டுபிடித்து ஆறில் ஐந்து என்று எழுதிக் காட்டினாள். பையன் தலையாட்டினான். அடுத்த கணக்கிலும் அதே தப்பு. நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் அவளிடம், நாளைக்கு அவன் எழுதுவதை அழிக்காதே, ஒரே நீளத்தில் காகிதப் பட்டைகள் வெட்டிக்கொண்டு வா என்று மட்டும் சொன்னேன். மறுநாள் அவனையே மடிக்கச் சொன்னாள். ஒரு பட்டையில் பாதி, இன்னொன்றில் மூன்றில் ஒன்று, மற்றொன்றில் ஐந்தில் இரண்டு. முதல் இரண்டையும் ஒட்டி வைத்துவிட்டு மூன்றாவதைப் பக்கத்தில் வைத்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவன், “மிஸ், இது பாதியை விடவே சின்னதா இருக்கே, எப்படி சரியா இருக்கும்?” என்றான். அந்தப் பெண்ணின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இன்று அவள் நல்ல டீச்சர் என்று பேர் எடுத்திருக்கிறாள். இது எந்தப் புத்தகத்திலும் வராது என்று சொல்ல மாட்டேன், வரும். ஆனால் அந்தப் பையன் புத்தகத்தில் இருக்க மாட்டான்.

அஞ்சல் வழியில் படிக்கலாமே என்று நீ கேட்கலாம். அது ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கு உள்ள வழி, உனக்குப் பொருந்தாது.

அரசுக் கல்லூரியைத்தான் முதலில் குறிவை. மாநிலம் முழுக்க ஏழுதான். சைதாப்பேட்டைக் கல்லூரி 1856-இல் பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கியது, அவ்வளவு பழசு. நமக்குப் புதுக்கோட்டை இருக்கிறது, அறந்தாங்கியிலிருந்து காலை பஸ்ஸைப் பிடித்தால் போய்விடலாம். இல்லாவிட்டால் ஒரத்தநாடு. இவற்றுக்கும் அரசு உதவிபெறும் கல்லூரிகளுக்கும் கலந்தாய்வு மூலம்தான் இடம். கிடைக்காமல் தனியாருக்குப் போக நேர்ந்தால், அந்தக் குழுமத்தின் அங்கீகாரம் இருக்கிறதா, ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்பு இருக்கிறதா என்று பார். அதோடு அங்கே படிக்கிற இரண்டு பேரிடம், எந்தப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள், வழிகாட்டி ஆசிரியர் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கிறாரா என்று கேள். கட்டடத்தைப் பார்த்து மயங்காதே.

டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வை நினைத்து இப்போதே பயப்படாதே. உனக்கு இரண்டாம் தாள். 150 மதிப்பெண்ணில் 60 கணக்கும் அறிவியலும், 30 குழந்தை வளர்ச்சி. அதற்கப்புறம் அரசு வேலைக்குப் போட்டித் தேர்வு ஒன்று தனியாக உண்டு. நீண்ட வழிதான், அதை நான் மறைக்கவில்லை. அது வரைக்கும் வீட்டுச் செலவைப் பற்றி நீ யோசிக்க வேண்டாம், என் பென்ஷன் இருக்கிறது.

வேலையை விடுவதற்கு முன் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்றிதழ் எல்லாம் உன்னிடம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல். சாதிச் சான்றிதழ் இங்கே பீரோவில் இருக்கிறது. மாற்றுச் சான்றிதழ் மட்டும் இங்கே இல்லை, நீ கல்லூரியில் வாங்கினாயா என்று அம்மா கேட்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா