தேடுபொறிகளுக்கு நம் பெயர்களும் தெரிய வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையத் தேடுபொறிகளில் என்னென்ன மாற்றங்கள் வேண்டும் என்று சென்ற இதழில் வாசகர்களிடம் கேட்டிருந்தீர்கள். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் சனிக்கிழமைதோறும் பெரியவர்களுக்குத் தமிழ் எழுதவும் வாசிக்கவும் கற்றுக்கொடுக்கிறேன். வகுப்பு முடிந்ததும் யாராவது ஒருவர் பழைய காகிதம் ஒன்றை மேசைமேல் விரித்து, தம் பூட்டனார் எந்த ஊரிலிருந்து வந்தவர் என்று கண்டுபிடித்துத் தரும்படி கேட்பார். 12 ஆண்டுகளாக அவர்களோடு அமர்ந்து தேடிவருகிறேன். இக்கடிதத்தில் சொல்பவை பெரும்பாலும் அந்தத் தேடல்களில் கண்டவை.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 342 பேருடன் ட்ரூரோ என்னும் கப்பல் இங்கு வந்து சேர்ந்தது. அன்று முதல் 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் அமைந்துள்ள நேட்டால் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணுக்கு நேரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடலில் உள்ள அடையாளம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதிவைத்தார்கள். அந்தப் பட்டியல்கள் இன்று கணினியில் ஏற்றப்பட்டிருக்கின்றன. ஆனால் பெயர்களெல்லாம் ஆங்கில எழுத்தில், எழுதியவர் காதில் விழுந்தபடி பதிவானவை. தேடுபொறி எங்களைக் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர், எண் இருந்த மூலை கிழிந்துபோன காகிதம் ஒன்றைக் கொண்டுவந்தார். பூட்டனார் பெயர் வீரப்பன் என்பது மட்டுமே அவருக்குத் தெரியும். அப்பெயரைத் தமிழில் இட்டுத் தேடியபோது, சந்தனக் கடத்தல் வீரப்பனைப் பற்றிய செய்திகளே பக்கம் பக்கமாக வந்தன. ஆங்கில எழுத்தில் இட்டபோதும் அதே கதைதான். வீராபன், விரப்பென், வேரபன், வீரப்பா என்று ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றி இட்டு, மூன்று மாதம் கழித்து, நாங்கள் நினைத்தும் பார்த்திராத ஒரு வடிவில் அவரைக் கண்டெடுத்தோம். "டீச்சர், இத்தனை நாளும் எங்கள் தாத்தா பெயரை நான்தான் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தேனா?" என்று அவர் கேட்டார். இல்லை ஐயா, நீங்கள் சொன்னதுதான் சரி, எழுதியவர்தான் தப்பாக எழுதினார் என்று அவருக்குப் புரியவைக்க எனக்கு நெடுநேரம் ஆயிற்று.

ஆகவே என் முதற்கோரிக்கை, தமிழ்ப் பெயர் ஒன்றைத் தமிழ் எழுத்தில் இட்டால், ஆங்கில எழுத்தில் அது எடுத்திருக்கக்கூடிய எல்லா வடிவங்களையும் தேடுபொறி தானே தேடித்தர வேண்டும் என்பதாகும். இது நடவாத காரியம் அன்று. ஒலிப்பில் ஒத்த ஆங்கிலப் பெயர்களை ஒரே குறியீட்டின்கீழ்த் தொகுக்கும் சவுண்டெக்ஸ் முறைக்கு அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டிலேயே காப்புரிமை வழங்கப்பட்டுவிட்டது. நம் பெயர்கள் மாறிய விதத்திலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ககரமும் தகரமும் பகரமும் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்துகளாகப் பிரியும். லகர ளகர ழகரங்கள் ஒன்றாகிவிடும். றகரத்துக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு இராது. குறில் நெடிலாகும், நெடில் குறிலாகும். குலப்பெயர்களாக இங்கு நிலைத்துவிட்டவற்றையோ ஒரு பட்டியலாகவே தந்துவிடலாம். கவுண்டர் என்பது கவெண்டர் ஆயிற்று. முதலி என்பது மூட்லி ஆயிற்று. படையாட்சியும் நாயக்கரும் ஏறத்தாழ அப்படியே நின்றார்கள். ஆங்கிலச் சொல் ஒன்றில் ஓரெழுத்து தவறினால் 'இதையா தேடினீர்கள்' என்று பணிவாகக் கேட்கும் கருவி, ஆறுமுகத்துக்கும் அதையே செய்யலாம் அல்லவா?

இதனோடு ஒரு நிபந்தனையையும் சேர்த்தே கேட்கிறேன். எந்தெந்த வடிவங்களைச் சேர்த்துத் தேடியது என்பதைத் தேடுபொறி முடிவுகளின் மேலேயே காட்ட வேண்டும். வேண்டாதவற்றை நீக்கும் வசதியும் இருக்க வேண்டும். இப்போது சில தேடுபொறிகள், நாம் இட்ட சொல்லைச் சொல்லாமலே விட்டுவிட்டு வேறொன்றைத் தேடித்தருகின்றன. மேற்கோள் குறிக்குள் இட்டால் இட்டபடியே தேட வேண்டும் என்பது பழைய உடன்பாடு. அது மீறப்படக் கூடாது.

பெயரைவிட்டுப் பொதுச் சொற்களுக்கு வந்தாலும் தமிழுக்கு உரிய சிக்கல் தீர்ந்தபாடில்லை. நம் மொழியில் சொல் வேற்றுமை உருபோடு ஒட்டியே வரும். 'தோட்டம்' என்று தேடுபவருக்குத் 'தோட்டத்தில்', 'தோட்டங்களுக்கு' என்று வரும் பக்கங்களும் வேண்டும். 'தமிழ்ப் பள்ளி' என்று ஒற்று மிகுத்து எழுதுபவரும் 'தமிழ் பள்ளி' என்று எழுதுபவரும் ஒரே பள்ளியைத்தான் தேடுகிறார்கள். எங்கள் நாட்டின் பெயரையே தென்னாப்பிரிக்கா, தென் ஆப்பிரிக்கா, தென்னாபிரிக்கா என்று தமிழ்நாட்டாரும் இலங்கையரும் பலவாறாக எழுதுகிறார்கள். இம்மூன்றையும் தனித்தனியே இட்டுப் பார்த்தேன். மூன்று வெவ்வேறு உலகங்களைப் போலவே முடிவுகள் வந்தன. இன்னும் நுட்பமான ஒன்று, கோயில் பெயர்களின் முன்னே வரும் 'ஸ்ரீ'. ஸகரத்தைக்கொண்டு ஒரு வகையாகவும், கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையாகிய ஒருங்குறியில் 2005இல் சேர்க்கப்பட்ட ஶகரத்தைக்கொண்டு வேறு வகையாகவும் அதைத் தட்டச்சு செய்யலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். கணினிக்கோ அவை வேறு வேறு. கோயில் பெயரைச் சரியாக எழுதியும் முடிவு வரவில்லை என்று மாணவர் திகைக்கும்போது, இதை அவருக்கு எப்படி விளக்குவது?

ஊர்ப் பெயர்களில் காலமும் சேர்ந்து குழப்புகிறது. பதிவேடுகளில் நான் மிகுதியாகக் கண்ட ஜில்லா வட ஆற்காடு. அந்த மாவட்டம் இப்போது இல்லை. சித்தூர்ப் பகுதி 1911இல் தனி மாவட்டமாயிற்று. எஞ்சியது 1989இல் இரண்டாகப் பிரிந்தது. அவற்றுள் வேலூர் 2019இல் மீண்டும் பிரிந்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் தோன்றின. பழைய ஜில்லாவையும் தாலுகாவையும் கிராமத்தையும் சேர்த்து இட்டால், அது இன்று எந்த மாவட்டத்தில் உள்ளது என்று தேடுபொறி சொல்ல வேண்டும். புதூர், புதுப்பாளையம் போன்று பல இடங்களில் உள்ள பெயராக இருந்தால், பெரிய ஊர் ஒன்றைத் தானாகத் தேர்ந்து காட்டாமல், இவற்றுள் எது என்று நம்மிடம் கேட்க வேண்டும். இதற்கு வேண்டிய அரசாணைகளும் வரைபடங்களும் பொதுவில் இருப்பவைதாம்.

இடம் பற்றி மற்றொரு குறை. தமிழில் தேடினால் தேடுபவர் இந்தியாவில் இருப்பதாகவே கருவி எண்ணிக்கொள்கிறது. எங்கள் நாட்டின் 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு, மதித்துப் பேணி வளர்க்க வேண்டிய மொழிகளுள் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இங்கிருந்தபடி தமிழில் தேடுவது விந்தையான செயல் அன்று. பஞ்சாங்கம் பார்க்கும்போது இதன் விளைவு தெரியும். நாங்கள் இந்திய நேரத்துக்கு மூன்றரை மணி நேரம் பின்னே இருக்கிறோம். சென்னையில் செவ்வாய் அதிகாலை 2 மணிக்கு ஒரு திதி முடிந்தால், இங்கே அது திங்கள் இரவு 10.30க்கே முடிந்துவிடும். மார்கழியில் எங்களுக்குக் கோடை. டிசம்பர் பிற்பகுதியில் காலை 5 மணிக்கு முன்பே சூரியன் உதித்து, மாலை 7 மணி அளவில் மறையும். உதயத்திலிருந்து கணக்கிட்டால் அப்போது திங்கட்கிழமை இராகுகாலம் ஏறத்தாழ 6.40க்குத் தொடங்கி 8.20 அளவில் முடிந்துவிடும். தேடுபொறி முதலில் காட்டுவதோ ஏழரை முதல் ஒன்பது. மொழியையும் இடத்தையும் தனித்தனியே தேர்ந்துகொள்ளும் வசதி முதற்பக்கத்திலேயே வேண்டும்.

அண்மையில், முடிவுகளுக்கு மேலே இயந்திரமே எழுதிய விடை ஒன்று வருகிறது. தில்லையாடி வள்ளியம்மை பிறந்தது தமிழ்நாட்டில் என்று அதைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தாள் ஒரு மாணவியின் மகள். அவர் 1898இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, நோயுற்று, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தவர். அவரது கல்லறை அதே நகரின் பிராம்ஃபொன்டைன் இடுகாட்டில் இருக்கிறது. தில்லையாடி அவருடைய பெற்றோர் வழி வந்த ஊர். எங்கள் மண்ணில் பிறந்து பதினாறு வயதில் மாண்ட பெண்ணை எங்கள் குழந்தையே வேற்றூராள் என்று எழுதியதைக் கண்டு மிகவும் வருந்தினேன். இத்தகைய விடையில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, அப்பக்கம் எந்த ஆண்டினது என்று காட்ட வேண்டும். பிழையைத் தமிழிலேயே சுட்டிக்காட்ட ஒரு பெட்டியும், அந்த விடையே வேண்டாம் என்று நிறுத்திவைக்க ஒரு பொத்தானும் வேண்டும்.

பழைய அச்சுப் பக்கங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1903இல் டர்பனில் தொடங்கிய இந்தியன் ஒப்பீனியன் இதழில் தமிழ்ப் பகுதியும் இருந்தது. இத்தகைய பக்கங்கள் படங்களாகக் கிடைத்தாலும், அவற்றிலுள்ள சொற்கள் தேடலில் அகப்படுவதில்லை. 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய ணை, லை, றா, னா வடிவங்களையும் படித்தறியும்படி, படத்திலுள்ள எழுத்தைக் கணினி எழுத்தாக மாற்றும் எழுத்துணரிகளைப் பழக்கினால், எங்கள் முன்னோரைப் பற்றித் தமிழில் அச்சான வரிகளும் எங்களுக்குக் கிடைக்கும்.

வகுப்புக்கு வந்த குடும்பங்களின் பெயர்களில் சரியான தமிழ் வடிவத்தையும், பதிவேட்டில் கண்ட ஆங்கில வடிவங்களையும் எதிரெதிரே குறித்து ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். நானூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் உள்ளன. தேடுபொறி நிறுவனங்களில் பணிபுரியும் தமிழர்கள் தங்கள் வாசகர்களுள் இருப்பார்கள். அவர்களுள் எவரேனும் கேட்டால், அந்தந்தக் குடும்பங்களின் ஒப்புதலோடு, அதை முழுவதும் தட்டச்சு செய்து தங்கள் வழியாக அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்,
தென்னாப்பிரிக்கா