ஆச்சியின் காதை மாற்றிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கெட்டுப்போன பழைய குடும்பப் படங்களைச் செல்போன் செயலியில் போட்டால் நொடியில் புதுசாகிவிடும் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான் தாமிரபரணிக் கரையில், ஏரல் பக்கம் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவன். அப்பா காலத்தில் டார்க் ரூமாக இருந்த அறையில் இப்போது ஸ்கேனரும் கம்ப்யூட்டரும் இருக்கின்றன. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, நனைந்து கெட்ட படங்களைச் சரிசெய்வதே என் வேலையில் பெரும்பங்கு ஆகிவிட்டது. அந்தச் செயலிகள் கொடுக்கும் முகம் பல நேரம் நம் வீட்டு ஆளின் முகமே இல்லை. கட்டுரையில் இது ஒரு வரிகூட வராததால்தான் எழுதுகிறேன்.

அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. எங்கள் பக்கம் வீட்டுக்குள் ஆள் உயரத்துக்குத் தண்ணீர். சுவரில் உயரமாக மாட்டியிருந்தவை ஓரளவு தப்பின. டிரங்குப் பெட்டியிலும் பீரோவின் அடித்தட்டிலும் இருந்தவைதான் போயின. கலர் பிரிண்ட்டுகளில் சாயம் கரைந்து ஓரத்திலிருந்து வெளுத்து வந்துவிட்டது. பழைய கறுப்பு வெள்ளை பிரிண்ட்டுகள் தண்ணீரைக் கொஞ்சம் கூடுதலாகவே தாங்கின. ஆனால் அவற்றுக்கு வேறு ஆபத்து. படம் நிற்பது ஜெலட்டின் படலத்தில். தண்ணீர் பட்டால் அது ஊறிக் கொழகொழத்துவிடும், காயும்போது ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். ஈரம் போகாவிட்டால் பூஞ்சணம் அந்த ஜெலட்டினையே தின்னும். கண்ணாடியில் ஒட்டிய படத்தைப் பிய்க்கப் பார்த்தால் காகிதம் கையோடு வரும், முகம் கண்ணாடியோடு நின்றுவிடும். அப்படி நின்றுபோன முகங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

பக்கத்து ஊர் அக்கா ஒருவர் தன் ஆச்சியின் படத்தைக் கொண்டுவந்தார். 1960-களில் எடுத்தது. ஆச்சி மர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், நெற்றியில் மூன்று கோடாகத் திருநீறு, தோளைத் தொடும் காதில் பாம்படம். அந்த வீட்டில் ஆச்சி தனியாக இருக்கும் படம் அது ஒன்றுதான். கண்ணாடியோடு ஒட்டி, இடது கன்னமும் இடது கண்ணும் பூஞ்சணத்தில் போய்விட்டன. முழுக்க மஞ்சள் சேற்றுக்கறை. என்னிடம் வருவதற்கு முன்பே அவருடைய மகன் அதைப் போனில் படம் பிடித்து ஒரு செயலியில் போட்டிருந்தான். வந்த படம் பளிச்சென்று இருந்தது. அக்கா அதைக் காட்டிச் சொன்னது இதுதான்: "முகம் தெளிவாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஆனா எங்க அம்மைகிட்ட காட்டுனா, இது யாருளான்னு கேக்கா."

பார்த்ததும் காரணம் புரிந்தது. நெற்றித் திருநீற்றைக் கீறல் என்று எடுத்துக்கொண்டு செயலி துடைத்துவிட்டது. கன்னத்தில் இருந்த அம்மைத் தழும்பு இல்லை. வளர்த்த காதை வழக்கமான காதாகச் சுருக்கி, பாம்படம் இருந்த இடத்தில் ஏதோ ஒரு தொங்கட்டானைப் போட்டிருந்தது. இல்லாத இடது கண்ணைப் பெரிதாக, பளபளப்பாக வரைந்து, அதற்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று நன்றாக இருந்த வலது கண்ணையும் மாற்றிவிட்டது. எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது அதுதான். கெட்ட இடத்தைத் தொட்டால்கூடப் பரவாயில்லை, அறுபது வருடம் தப்பிப் பிழைத்த கண்ணை எதற்குத் தொட வேண்டும்?

இதன் பின்னணி வாசகர்களுக்குத் தெரிய வேண்டும். முகத்தைத் தெளிவாக்கும் மென்பொருள்கள் ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்த்து, முகம் என்றால் பொதுவாக எப்படி இருக்கும் என்று பழகியவை. 2021-ல் வந்து பரவலாகப் பயன்பட்ட ஜிஎஃப்பிகேன் என்ற மென்பொருளைப் பழக்கியது, படம் பகிரும் ஃபிளிக்கர் தளத்திலிருந்து திரட்டிய 70,000 முகங்களை வைத்து. மங்கலான முகத்தைக் கொடுத்தால், தான் பழகிய முகங்களின் சாயலில் ஒன்றை ஊகித்து அந்த இடத்தில் வைக்கும். அந்த 70,000-ல் பாம்படம் போட்ட காது எத்தனை இருந்திருக்கும்? 2020-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட மென்பொருள் ஒன்று, ஒபாமாவின் மங்கலான சின்னப் படத்தை வெள்ளைக்காரர் ஒருவரின் முகமாக்கிக் கொடுத்தது. ஒபாமாவை உலகமே அறியும் என்பதால் அந்தத் தவறு உடனே தெரிந்தது. ஆச்சியின் முகத்தை அறிந்தவர்கள் இன்று அந்த அக்காவின் அம்மா ஒருவர்தான். அவர் காலத்துக்குப் பிறகு செயலி வரைந்த முகமே ஆச்சி என்று ஆகிவிடும். மறுக்க ஆள் இருக்காது.

நான் அந்தப் படத்தைக் கண்ணாடியிலிருந்து பிரிக்கவே இல்லை. கண்ணாடியோடு அப்படியே ஸ்கேன் செய்தேன். 1200 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 1200 புள்ளி; தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் கோப்பு. கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலரில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். கலர் ஸ்கேனில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அடுக்கு இருக்கும். மஞ்சள் கறை நீல அடுக்கில் கறுப்புத் திட்டாகத் தெரியும், சிவப்பு அடுக்கில் ஏறக்குறைய காணாமல் போய்விடும். அந்தச் சிவப்பு அடுக்கை மட்டும் எடுத்துப் பார்த்தபோது கறைக்குக் கீழே சேலைக்கரை, நாற்காலியின் கைப்பிடி, கன்னத்தின் தழும்பு எல்லாம் எழுந்து வந்தன. எதையும் வரையாமல், இருந்ததைக் கொண்டே பாதிப் படம் திரும்பிவிட்டது. இந்த வேலையில் எனக்கு இதைவிட மகிழ்ச்சி தரும் கட்டம் கிடையாது.

அப்புறம் கீறல், பூஞ்சணப் புள்ளி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக, பக்கத்தில் இருக்கும் நல்ல இடத்தை எடுத்து மூடினேன். பின்னால் தொங்கும் திரை, தரை போன்ற இடங்களில் தானியங்கிக் கருவிகளையும் பயன்படுத்தினேன். அங்கே அவை நன்றாகவே உதவுகின்றன, அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. முகத்தில் மட்டும் விடவில்லை. இடது கண்ணுக்கு, வலது கண்ணைத் திருப்பிப் போட்டுவிடுவது எங்கள் தொழிலில் வழக்கம். ஆனால் யாருக்கும் இரண்டு கண்ணும் ஒன்றுபோல இருப்பதில்லை. வேறு படம் ஏதாவது உண்டா என்று கேட்டேன். ஒரு கல்யாண குரூப் போட்டோவில், இரண்டாவது வரிசையில், நகக்கண் அளவில் ஆச்சி இருந்தார். இடது இமை சற்றுச் சரிந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் கண்ணை அமைத்தேன். கன்னத்தின் கீழ்ப்பகுதிக்கு ஆதாரம் எதுவும் கிடைக்காததால், சுற்றியிருக்கும் சாயலில் மங்கலாக விட்டுவிட்டேன். அக்காவின் அம்மா அந்தப் படத்தைக் கையில் வாங்கியதும் சரிந்த இமையைத்தான் முதலில் தொட்டார்.

அவர்களிடம் இரண்டு கோப்புகளைக் கொடுத்தேன்: தொடாத ஸ்கேன் ஒன்று, சரிசெய்தது ஒன்று. சரிசெய்த பிரிண்ட்டின் பின்னால் எந்தெந்த இடம் என் கைவேலை என்று எழுதியும் கொடுத்தேன். எல்லா ஸ்டுடியோக்காரர்களும் இப்படிச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மூலத்தை யாரும் தூக்கிப்போட வேண்டாம். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், ஸ்டுடியோ முத்திரையும் பென்சிலில் எழுதிய தேதியும் அங்கேதான் இருக்கும்.

செயலிகளுக்குக் கற்பனை செய்ய இடம் கொடுப்பது பெரும்பாலும் நாம் கொடுக்கும் படம்தான். பன்னிரண்டு அங்குல அகலமுள்ள குரூப் போட்டோவில் ஒரு முகம் அரை அங்குலம் இருக்கும். 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் அந்த முகத்துக்கு 300 புள்ளி அகலம் கிடைக்கும். அதையே போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் வழக்கமான தரத்தில் அனுப்பினால், படம் மொத்தமும் சுமார் 1600 புள்ளிக்குச் சுருங்கி, முகத்துக்குச் சுமார் 65 புள்ளிதான் மிஞ்சும். மீதியை யார் வந்தாலும் ஊகிக்கத்தான் வேண்டும். ஒருவர் இறந்து பதினாறாம் நாள் காரியத்துக்குள் மாலை போடப் படம் வேண்டும் என்ற அவசரத்தில் வருகிறவர்கள் எல்லாரும் இப்படி வாட்ஸ்அப் படத்தோடுதான் வருகிறார்கள். அந்த நேரத்தில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஸ்கேனுக்கு எங்கே போவார்கள்? என் போன்ற ஸ்டுடியோக்கள் பல மூடப்பட்டுவிட்டன. ஜெராக்ஸ் கடைகளில் பெரும்பாலும் இருப்பது மெல்லிய சிஐஎஸ் வகை ஸ்கேனர். கண்ணாடியில் ஒட்டிய படத்தை வைத்தால், அந்தச் சிறு இடைவெளிக்கே அது மங்கிவிடும். இதற்கு, லென்ஸ் வைத்து, சிறு இடைவெளி இருந்தாலும் தெளிவாக எடுக்கும் சிசிடி வகை வேண்டும்.

ஆகவே அரசுக்கு உங்கள் பத்திரிகை மூலமாக ஒரு கோரிக்கை. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். மாவட்ட மைய நூலகம் ஒவ்வொன்றிலும் ஒரு நல்ல சிசிடி ஸ்கேனர் வையுங்கள். மக்கள் படத்தைக் கொண்டுவந்து, முன்னும் பின்னும் ஸ்கேன் செய்து, பென் டிரைவில் எடுத்துப் போகட்டும். பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோ படங்களை டிஜிட்டலாக்கிப் பாதுகாத்திருக்கிறது. அருமையான பணி. ஆனால் ஊர் ஊராக டிரங்குப் பெட்டிகளில் கிடக்கும் படங்கள் அத்தனைக்கும் ஆய்வு நிறுவனங்கள் வந்துகொண்டிருக்க முடியாது. அந்தந்த ஊர்க்காரர்களே கொண்டுவர ஓர் இடம் இருந்தால்தான் நடக்கும்.

மழைக்காலம் வருவதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். படம் நனைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் காய விடாதீர்கள். சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக அலசி, முகம் மேலே பார்க்க, நிழலில் தனித்தனியாக உலர்த்துங்கள். செய்தித்தாள் மேல் வைக்க வேண்டாம், மை ஒட்டும். 2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பானில் தன்னார்வலர்கள் சேற்றிலிருந்து மீட்ட குடும்பப் படங்களை இப்படிக் கழுவி உலர்த்தித்தான் உரியவர்களிடம் சேர்த்தார்கள். உடனே செய்ய முடியாவிட்டால், பிளாஸ்டிக் பையில் போட்டு ஃபிரிட்ஜின் ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். பூஞ்சணம் பிடிக்காது, பிறகு நிதானமாகப் பார்க்கலாம்.

தூத்துக்குடி மாவட்ட மைய நூலகத்தில் இந்த ஸ்கேனரை வைத்தால், அதைக் கையாளும் முறையை ஊழியர்களுக்கு வாரம் ஒரு நாள் வந்து கற்றுக்கொடுக்க நான் தயார். கட்டணம் வேண்டாம்.

இப்படிக்கு,
போட்டோ ஸ்டுடியோ நடத்தும் ஒரு வாசகர்,
ஏரல் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.